திங்கள் பத்து மணிக்குள்

லென்ஸ் வாடகைக்கு எடுத்தது.
திங்கள் காலை பத்து மணிக்குள் திருப்பிக் கொடுக்கவேணும்.

ஃபோர்ட்விச்சில், ஸ்டூர் ஆற்றங்கரை நாணல் மறைவில்
சனிக்கிழமை முழுக்கக் குந்தியிருந்தோம்,
நானும் துஷ்யந்தியும் ஒரு ஃபிளாஸ்க் பிளேன்ரீயும்.
வந்ததெல்லாம் வாத்து.
கேளாமலே போஸ் கொடுக்கும் வாத்து.

ஞாயிறு, மூன்றேகால்.
துஷ்யந்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.
நீலம்.
மீன்கொத்தி என்று முழுதாய்ச் சொல்ல நேரமில்லை,
நீலம் மட்டும்.
இரண்டு நாளாய் அவள் அடக்கிவைத்த தும்மலும்
அதே நொடியில்.

நாற்பத்தொரு படம்.
நாற்பதில் தண்ணீர்.
ஒன்றில் துல்லியமாய்
அது இருந்துவிட்டுப் போன குச்சி,
நுனியில் ஒரு சொட்டு
விழுவதா வேண்டாமா என்று யோசித்தபடி.

கடைக்காரர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஒரு கீறலும் இல்லை என்றார்.