ரூம் டோன்

செல்லூரில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்த வீடு.
எண்ணூறு ரூபாய், கரண்ட் தனி.
அப்பாவாக பால்பாண்டி, பொருளியல் மூன்றாம் ஆண்டு;
மீசையைக் கண்மையால் தடிப்பாக்கியிருந்தோம்.
மகளாக லோகேஸ்வரி, ஒன்பதாம் வகுப்பு,
ரிஸ்வானின் மாமி வீட்டு மாடியில் குடியிருப்பவள்.
கன்னத்துக் காயத்துக்கு
பீட்ரூட் சாறும் கொஞ்சம் நீல ஐ ஷேடோவும்.

நான் ஒலி.
மைக்கைக் கட்டில் காலில் கட்டிவிட்டு
சட்டகத்துக்கு வெளியே குந்தியிருப்பவள்.

பெல்ட் அவள்மேல் படாது.
அது இறங்கும் நேரம் பார்த்து
ஈரத் துண்டால் நான் தலையணையை அடிக்க வேண்டும்.
முதல் அடியே சரியாக விழுந்தது.
"எப்படி இவ்ளோ கரெக்டா?" என்றான் ரிஸ்வான்.
பழக்கம் என்றேன்.
தபேலா கற்றவள் என்று நினைத்திருப்பான்.

ஒவ்வொரு டேக்கும் முடிய
பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு
"வலிச்சுச்சா பாப்பா?" என்று கேட்டான் பால்பாண்டி,
தொடாத கைக்காக.

பதினோரு டேக்.
பதினோரு முறை அலறினாள்.
வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம்.
எதிர்வீட்டு விசைத்தறி நிற்கவில்லை.
மூன்றாவது விசிலில் யாரோ குக்கரை இறக்கினார்கள்.
குழாயடியில் குடம் மாற்றும் சத்தம்,
கூடல் நகர்ப் பக்கம் போகும் ரயில்,
எல்லாம் பதிவாகியிருக்கிறது.

பன்னிரண்டாவதுக்கு முன்
கதவு தட்டப்பட்டது.
என் நெஞ்சு எனக்கே ஹெட்போனில் கேட்டது.
வீட்டுக்காரர்.
"இத்தன லைட்டுக்கு மீட்டர் எகிறும்லப்பா,
இருநூறு சேத்துக் குடுத்துருங்க."

ஷூட்டிங் என்று தெருவுக்குத் தெரியும்தான்.
ஒன்பது வருடம் முன்பு
இரண்டு சந்து தள்ளி
என் வீட்டில் நடந்ததை
என்ன ஷூட்டிங் என்று நினைத்தார்கள்?

அடிக்கிறதைக் காட்டியாச்சு,
கண்டுகொள்ளாமல் விடுறதை எப்படிக் காட்டுறது
என்று குழம்பினான் ரிஸ்வான்.
அழுக்கு யூனிஃபார்ம், என்றாள் ஒருத்தி.
காலி டிபன் பாக்ஸ்.
பின்னால் ஒரு வயலின்.
நான் பேசவில்லை.
என் யூனிஃபார்ம் வெள்ளையாகத்தான் இருந்தது.
நானே துவைத்தேன்.
ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தை
இன்றைக்கும் அம்மாவைவிட நன்றாகப் போடுவேன்.

கடைசியாக ரூம் டோன்.
ஆளில்லாத மாதிரி அறையை ஒரு நிமிடம் பதிய வேண்டும்,
வெட்டிய இடங்களில் ஒட்டுவதற்கு.
யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது.

நின்றார்கள்.
பால்பாண்டிக்கு மூக்கடைப்பு. ரிஸ்வானின் வயிறு இரைந்தது.
யாரோ வளையலைக் கையால் பிடித்துக்கொண்டார்கள், அதுவும் கேட்டது.
மூலையில் லோகேஸ்வரி.
அவளிடமிருந்து ஒன்றுமில்லை.
கெயினை ஏற்றினேன்.
விசைத்தறி அறைக்குள்ளேயே வந்துவிட்டது,
அவள் மூச்சு மட்டும் வரவில்லை.

இரவில் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால்
அப்படி நிற்பேன் நான்,
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே.
பழக ஒரு வருடம் ஆகும்.

நிமிடம் முடிந்தது. கட் சொல்ல மறந்தேன்.
அந்தக் கோப்பின் நீளம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி.

"உன்னக் கூட்டிட்டுப் போக யாரு வருவா?"
"வேணாங்க்கா, வழி தெரியும்."

சாயத்தைத் துடைக்காமலே கிளம்பினாள்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
கன்னத்தில் அந்தக் காயத்தோடு
தறிக்கூடம், பால் கடை, ஆட்டோ ஸ்டாண்ட்.
ஒரு தலை திரும்பவில்லை.

வாசலில் என் செருப்பில் ஒன்றைக் காணோம்.
தேடவில்லை.
இறங்கிவிட்டேன்.