பற்று

மேடைக்குப் பின்னால்
பிளைவுட் தடுப்புக்கும் ஜெனரேட்டர் புகைக்கும் நடுவே
எனக்கு ஒரு நாற்காலி.
அதிலும் பாதி பொன்னாடைகளுக்கு.
நாற்பது வாங்கியது, முப்பத்தொன்று போர்த்தியாயிற்று.
மடிப்புக் கலையாத ஒன்பதை
நாளைக் காலைக்குள் கொண்டுவந்தால்
திரும்ப எடுத்துக்கொள்வதாக
விளக்குத்தூண் துளசிராம் சொல்லியிருக்கிறார்.

தமுக்கத்தில் பத்தாம் நாள். நிறைவு விழா.
அழைப்பிதழில் ஏழு நாற்பதுக்கு என் பெயர்:
கவிதை வாசிப்பு, ஐந்து நிமிடம்.
இனிஷியல் மட்டும் வேறு யாருடையதோ.

ஏழு நாற்பதுக்கு
வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர்
இன்னும் எட்டாம் வகுப்பில் இருந்தார்.

வேட்டி நுனியைப் பிடித்தபடி ஓடிவந்தார் தவமணி சார்.
"சீட்டு அனுப்பும்மா, பாண்டியனைப் பிடிக்கணும் அவரு."

சீட்டுக்குத் தாள் தேடினால்
பையில் பந்தல்காரர் ரசீது, கணக்கு நோட்டு,
அப்புறம் இது. பின்பக்கம் வெள்ளை.
அடியிலிருந்து கிழித்தேன்,
கடைசி வரிகளில் எனக்கே அவ்வளவு திருப்தி இல்லை.

'இன்னும் ஐந்து நிமிடம்.'
பெனிட்டா கொண்டுபோய் வைத்தாள்.
பார்த்தார், சிரித்தார்,
தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் செருகிவிட்டுக்
கல்லூரியில் சேர்ந்தார்.

'இரண்டு நிமிடம்.'
வேலை கிடைத்தது.

'தயவுசெய்து முடிக்கவும்.'
கல்யாணம் நடந்தது. கூட்டம் கைதட்டியது.

'கார் தயார்.'
தலைப்பும், சரியான இனிஷியலோடு என் பெயரும்
அந்தத் துண்டின் மறுபக்கம்.
அதை மட்டும் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
நன்றி வணக்கம் சொன்னார்.

பிறகு நாட்டுப்பண்.
பிறகு நாற்காலிகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏறும் சத்தம்.
ஒச்சம்மா பாதி குடித்த பாட்டில்களை
செவ்வந்தித் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.
ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த சிக்கந்தர்
ஈரத்தில் ஒட்டியிருந்த துண்டைப் பிய்த்து
டியூப்லைட்டுக்குக் காட்டினான்.

"யக்கா, இது ஒங்க கையெழுத்துல்ல?"

திருப்பினான். எழுத்துக்கூட்டி, சத்தமாக,
மைக் டெஸ்ட் பண்ணும் அதே குரலில்:

*திறந்த குழாயில்
முதலில் வந்தது காற்றுதான்.
குடத்தை நான் எடுக்கவில்லை.*

"இதுக்கு முன்னாடி?"
"ரயிலேறிப் போயிருச்சு."

ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.
"கொடம் ரொம்புச்சா?"

வெளியே டாட்டா ஏஸ்காரன் ஹாரன் அடித்தான். போய்விட்டான்.

பொன்னாடைகளை எண்ணினேன். எட்டு.
மறுபடி எண்ணினேன். எட்டு.
நாற்காலியைவிட்டு எழுந்த பிறகுதான் தெரிந்தது,
ஒன்பதாவதின் மேல்
இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மடிப்புக் கலைந்துவிட்டது. துளசிராம் எடுக்கமாட்டார்.
கணக்கு நோட்டைத் திறந்து எழுதினேன்:
பொன்னாடை ஒன்று, நூற்றிருபது ரூபாய்,
என் பெயரில் பற்று.