தாடை

பல் மருத்துவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.
நாற்பத்தாறு வயதில்
எழுபது வயதுப் பற்கள்.
இரவெல்லாம் எதை அரைக்கிறீர்கள், ட்ரூடி?
கோதுமையை, என்றேன். சிரித்தார்.
ஒரு பிளாஸ்டிக் கவசமும்
ஒரு தொலைபேசி எண்ணும் தந்தார்.

எண் மூன்று மாதம்
ஃபிரிட்ஜின் கதவில் காந்தத்தோடு ஒட்டிக் கிடந்தது.
யாருடையது என்று டெல்மர் கேட்டபோது
திரைச்சீலை தைப்பவள் என்றேன்.
பொய் சொன்ன வாயால்
அன்றிரவும் உணவுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

மனிடோபாவில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
இன்ஜின் உறையாமலிருக்கக்
காரின் ஒயரைச் சுவரில் செருகிவிட்டு
கடன் சங்கத்தின் மாடிக்கு ஏறினேன்.
இயந்திரத்துக்கு இவ்வளவு பார்க்கிற ஊர்
என்று அந்தப் படியில்தான் தோன்றியது.

ஆனலீஸ் வீப்
கடவுளைப் பற்றிக் கேட்பாள் என்று
பதில்களோடு போயிருந்தேன்.
ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவள் நான்.
அவளோ
இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்றாள்.
எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது.
தைராய்டு பார்த்தீர்களா.
மாதவிடாய் நின்றுவிட்டதா.
கடைசியாக எப்போது
வயிறு வலிக்கச் சிரித்தீர்கள்.

பிள்ளைகள் மிச்சம் வைத்த
ரொட்டியின் ஓரம், என்றேன், முதல் கேள்விக்கு.
வானிலையைக் குறிப்பதுபோல்
எழுதிக்கொண்டாள்.

நாலாவது வாரம் அது வந்தது.
பத்தொன்பது வயது.
அம்மா தைத்த நீல கவுன்.
சபைக்கு முன்னால் நான், பக்கத்தில் ஐந்து மூப்பர்கள்,
முதல் வரிசையில் ஹென்ரிக் மாமா,
தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு.
மன்னித்தேன் என்று சொல், மகளே.
சொன்னேன்.
அத்தனை பேரும் ஆமென் என்றார்கள்.
பிறகு கீழ்த்தளத்தில் காபி, வெண்ணெய் பன்.
மாமாவுக்கு நான்தான் ஊற்றினேன்.
கோப்பை ஆடவில்லை.
எல்லா நடுக்கத்தையும் தாடை
கவ்விப் பிடித்துக்கொண்டது.

கர்த்தருக்கு இதில் ஒரு சித்தம் இருந்தது
என்று ஆனலீஸ் சொல்லவில்லை.
சபையை விட்டு வா என்றும் சொல்லவில்லை.
ஹீட்டர் இரைந்தது.
கீழே யாருக்கோ
டிராக்டர் கடன் கிடைத்துவிட்ட சிரிப்பு.

உங்களிடம் அவர் எதுவும் கேட்டாரா, என்றாள்.
எந்த அவர், என்றேன்.
நீங்களே சொல்லுங்கள்.

மாமா என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.
கடவுளும், யோசித்துப் பார்த்தால்,
அந்த ஞாயிறு என்னிடம்
எதையும் கேட்கவில்லை.
கேட்டவர்கள் ஐந்து பேர்.
அதில் மூவர் இறந்துவிட்டார்கள்.

ஜெபிக்கலாமா, என்று கேட்டாள்.
கேட்டாள்.
வேண்டாம் என்றேன்.
வாழ்நாளில் முதன்முறை.
கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.
சரி, மீதி பத்து நிமிடமும் உங்களுடையதுதான் என்று
நாக்கைக் கீழே கிடத்தச் சொல்லிக்கொடுத்தாள்,
வேலி முழுக்கச் சுற்றிவந்து
கதவடியில் விழுகிற நாயைப்போல.
பற்களுக்கிடையே இரண்டு விரல் அகலம்.
அந்த அகலத்தின் வழியே
ஏதோ ஒரு சத்தம் வந்தது. என்னுடையதுதான்.
காகிதக் கைக்குட்டைப் பெட்டி
பாதி காலி.

மார்ச் மாதம் ஆராதனையில்
எல்லோரும் ஆமென் சொன்னபோது
வாயைத் தளர்த்தி வைத்துச் சும்மா நின்றேன்.
டெல்மர் திரும்பிப் பார்த்தான்.

காரில் சொன்னேன்:
அவள் திரைச்சீலை தைப்பவள் இல்லை.
தெரியும், என்றான்.
நம் வீட்டு ஜன்னல் எதற்கும்
திரைச்சீலை கிடையாதே, ட்ரூடி.
பிறகு தானியக் கிடங்கு வரை
இருவரும் பேசவில்லை.
அங்கே வண்டியை ஓரம் கட்டி
இன்ஜினை அணைக்காமல்
காத்திருந்தான்.

மாமாவை மன்னித்தேனா என்று தெரியாது.
வியாழக்கிழமைகளில்
அதைப் பற்றிப் பேசுகிறோம்,
முட்டை சாப்பிட்டேனா என்பதைப் பற்றியும்.

இரவில்
பிளாஸ்டிக் கவசத்தை மாட்டிக்கொண்டுதான் ஜெபிக்கிறேன்.
சொற்கள் குழறுகின்றன, எச்சில் ஒழுகுகிறது,
பாதி கோபம்.
புரியவில்லை என்றால்
அவர் கேட்கட்டும்.