பதினோராவது பொருத்தம்

வியாழக்கிழமை மாலை முடிவு வந்தது.
நூறு செல்லில் முப்பத்தொன்று
சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.
ஐம்பத்திரண்டு, வெட்டு விழுந்த பதற்றத்தில்
கையில் கிடைத்ததை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.
மீதிப் பதினேழு
கத்தரி வந்ததையே கவனிக்கவில்லை.

'போலே' என்றார் டாக்டர் ஊய்.
ஹஸ்லினா எனக்கும் சேர்த்துக் கோப்பி கலக்கினாள்.
நான் மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்
தவறுகளின் பட்டியலைத் திறந்தேன்.

எங்கள் வேலையைப் பற்றி விசாரிப்பவர்கள்
கத்தரியைத்தான் விசாரிக்கிறார்கள்.
அது பாக்டீரியாவிடம் இரவல் வாங்கியது, சுலபம்.
இருபது எழுத்தில் முகவரி கொடுத்தால்
இருட்டில் தடவித் தடவிப் போய் நிற்கும். வெட்டும்.
தைப்பது நாங்கள் இல்லை.
செல்தான் தன்னைத் தைத்துக்கொள்கிறது.
நாங்கள் பக்கத்தில் நின்று
சரியான துண்டுத் துணியை நீட்டி
இதைப் பார், இதைப் பார் என்று
காதில்லாத ஒன்றிடம் கெஞ்சுகிறோம்.

முகவரியில்தான் சிக்கல்.
ஜெலுத்தோங்கில் நான் இருப்பது லோரோங் பேராக்.
எனக்கு வரவேண்டிய நாசி கண்டார்
மாதம் இரண்டு முறையாவது
ஜாலான் பேராக்கில் போய் இறங்கும்.
பதினோராவது குரோமோசோமிலும் இதே கதை.
ரத்தத்தின் சிவப்பைச் செய்யும் ஜீனுக்குப் பக்கத்திலேயே
அதே முகவெட்டில் இன்னொன்று,
வேலைக்கு அவ்வளவாகப் போகாத தம்பி.
இந்த முறை ஆறு செல்லில்
கத்தரி அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

ஆறுதானே, என்றாள் ஹஸ்லினா.
நான் பி-27 குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெயர் எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.
ஒன்பது வயது. பெண்.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை
முகம் தெரியாத யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக்கொள்பவள்.
படிவத்தின் மூலையில் ஊதாப் பேனாவில் ஒரு பூனை,
எந்தக் கட்டத்திலும் கேட்கப்படாத தகவல்.

அதே தட்டில் பி-30, நான்.
ஒப்பிட்டுப் பார்க்கப் பாதிப் பிழை உள்ள ஒரு ரத்தம் வேண்டும் என்றார்கள்,
கையை நீட்டினேன்.
முதல் இடைவெளியில் ஐந்தாம் எழுத்து,
ஜி நிற்க வேண்டிய இடத்தில் சி.
ஒரு பிரதியில் மட்டும். என்னை ஒன்றும் செய்யாது.
மாடி ஏறினால் மூச்சு வாங்குவது எடையினால்.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம்
பிரிக்பீல்ட்ஸிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.
குலேந்திரன், கணக்காய்வாளர்.
கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.
பத்தில் எட்டுப் பொருத்தம்,
ரஜ்ஜுவில் பழுதில்லை என்றார் ஜோசியர்.
நான்தான் பதினோராவதைக் கேட்டேன்.
கிளினிக்கில் மூன்று மில்லி ரத்தம்.
அவருக்கும் அதே ஐந்தாம் எழுத்து.

நாலில் ஒன்று என்றால் என்னவென்று
அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
உங்கள் லேப்பில் சரிசெய்ய முடியாதா, என்றார்.
கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.
அப்போது எங்கள் கணக்கு நூறில் நான்கு.
இன்னும் இல்லை, என்றேன்.
அந்த 'இன்னும்'மைப் பிடித்துக்கொண்டு
அவர் நாலு மாதம் மெசேஜ் அனுப்பினார்.
பிறகு அவர் அம்மா அனுப்பினார்,
ஒரே ஒரு மெசேஜ், நிறைய கும்பிடுகளோடு.

இன்று முப்பத்தொன்று.
யாருக்கும் சொல்லவில்லை.
முகவரியை ஆறெழுத்துத் தள்ளி எழுதி
புது இழைக்கு ஆர்டர் போட்டுவிட்டு
பி-27ஐயும் என்னையும்
மைனஸ் எண்பதில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.
கையுறைக்குள்ளும் விரல் சுட்டது.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடுவதற்குள் போன்.
அக்கா, வந்துட்டேன், நீல கேட்தானே?
இந்த வட்டாரத்தில் பாதிக் கேட் நீலம்.
கேட்டைத் தட்டாதே, தம்பி.
யாரிடமும் கொடுக்காதே.
அங்கேயே நில், நான் வருகிறேன் என்று
இருட்டில் காலால் செருப்பைத் தேடினேன்.