பதினாறு அங்குலம்

நான் வரையும் வீடுகளில் எப்போதும் காலை ஒன்பது மணி.
ஒரு சொடுக்கில் சூரியனைத் தூக்கி
வேண்டிய ஜன்னலில் வைத்துவிடுவேன்.
ராயக்கோட்டையில் அந்த ஜன்னலுக்கு வெளியே
கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டின் பின்சுவர்,
புகை தள்ளும் இரண்டு விசிறிகள்.
படத்தில் அது வராது.

தக்காளி மண்டி சின்னமுனியப்பா
போனில் யாருடைய வரவேற்பறையையோ காட்டி
இதே மாதிரி என்றார்.
சாம்பல் சோபா, சுவரில் மரப்பட்டிகள், தங்கக் கோடு,
எங்கிருந்து எரிகிறதென்று தெரியாத விளக்கு.
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்த வருஷம் அஸ்திவாரம்,
நூற்றிப்பத்துக்கு ஏறிய வருஷம் மேல்தளம்.
"சிவப்பு மட்டும் எங்கயும் வேணாம் மேடம்.
காலைல மூணு மணிலேர்ந்து அதைத்தான் பாக்குறேன்."

நாகரத்தினம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.
வெகுநேரம் பார்த்தார்.
"யாரு இந்தப் பொம்பள, என் வீட்டுல?"

பழுப்பு முடி, வெறுங்கால், கையில் காபிக் கோப்பை.
எல்லா வீட்டிலும் அவளைத்தான் உட்கார வைக்கிறேன்.
பாலக்கோட்டில் பல் டாக்டர் வீட்டில் இருந்தாள்,
ஓசூரில் பதினோராவது மாடியில் இருந்தாள்,
அந்தக் காபி இன்னும் தீரவில்லை.

"எடுத்துரு."
எடுத்தேன்.
"கிரைண்டர் எங்க? ரெண்டாவது சிலிண்டர் எங்க?
இவரு கொண்டாந்து போடுற கிரேட்டெல்லாம்
எங்க போவும்?"

எலுமிச்சை நிறைந்த கிண்ணம் என்னிடம் நாற்பது வகை உண்டு.
கிரைண்டர் ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு நானே செய்தேன்.
ஓர் உருளை, அதற்குள் ஒரு பள்ளம், பள்ளத்தில் கல்.
சிலிண்டர் சுலபம்.
தேங்காய்த் துருவியின் பல்லுக்கு மட்டும்
ஒன்றரை மணி நேரம் ஆனது.
கிரேட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது
சாம்பல் சுவருக்கு அந்த நீலம்
யாரும் கேட்காமலே பொருந்தியது.

அடுத்த முறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.
அவர் போன் பேச வெளியே போகும்வரை பொறுத்து,
"இப்ப அந்த எடத்துல என்னை வையேன்.
காலை மடக்கி."

காலை மடக்கி உட்காரும் மனிதர்கள்
எங்கள் கோப்பில் யோகா செய்பவர்கள் மட்டும்தான்.
கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள்.
நாற்காலியில் அவரையே உட்காரச் சொல்லி
ஒரு படம் எடுத்து, ஓரம் வெட்டி, ஒட்டினேன்.
அறைக்கு வெளிச்சம் இடப்பக்கம்,
அவர் முகத்துக்கு வலப்பக்கம்.
நிழல் சோபாவைத் தொடாமல் மிதந்தது.
"பரவால்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

ஏழு மாதம் கழித்து பாக்கி வாங்கப் போனேன்.
மழை இருட்டு, மணி மாலை ஆறு.
மண்டபத்து விசிறி வழியே பிரியாணி வாசம்.
சோபாவில் இஸ்திரித் துணி, ஸ்கூல் பை,
கழற்றாத பாலிதீன் உறையோடு இரண்டு திண்டு.
நாகரத்தினம்மா கீழே உட்கார்ந்து
அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.
பக்கத்தில் நாத்தனார், எதிரே பையன் வீட்டுப்பாடம் எழுதுகிறான்.
மூன்று முதுகும் சோபாவில் சாய்ந்திருந்தன.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.
"ஒக்காரத்தான் ஒக்காருவோம், ஆளு வந்தா.
ஒரே ஒரு கொறைதான்,
இந்தக் கட்டை தோளெலும்புக்குக் கீழ இடிக்குது."

எழப் போனவரை
அப்படியே இருங்கள் என்றேன்.
பையிலிருந்து டேப்பை இழுத்து
தரையிலிருந்து முதுகுக்கு அளந்தேன்.
சில்லென்று இரும்பு பட்டதும் நெளிந்து சிரித்தார்.
நாத்தனாருக்கு ஒரு அங்குலம் குறைவு.

ஒரு சோபாவுக்கு முன்பக்கம் என்று
இத்தனை நாள் எதை நினைத்திருந்தேன்?

பாக்கியில் இரண்டாயிரம் பிடித்துக்கொண்டு கொடுத்தார் சின்னமுனியப்பா.
"முதுகுக்கு" என்றார்.
நான் பேரம் பேசவில்லை.
கிருஷ்ணகிரி பஸ்ஸில் ரசீதின் பின்பக்கம்
இருக்கையின் கீழ்விளிம்பை வளைத்து,
கட்டையை உள்ளே தள்ளி, பஞ்சு வைத்து,
தரையில் ஒரு ஆளை வரைந்து பார்த்தேன்.
பள்ளத்தில் பஸ் குதித்ததில்
அவர் கால் கோணலாக மடங்கிவிட்டது.