ஒத்தை ஓவர்

அஞ்சாவது ஓவர் முடிந்ததும்
கேப்டன் கருவேல நிழல் பக்கம் திரும்பினால்
என்னைத் தேடுகிறான் என்று அர்த்தம்.
அதுவரை செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பேன்.

மைக்கில் பெயர் சொல்ல மாட்டார்கள்.
"அடுத்து பந்து வீச வருவது நமது லெஃப்ட்டு."
கருமாத்தூரில் லெஃப்ட்டு, கள்ளந்திரியில் லெஃப்ட்டு,
பேரையூர் நோட்டீசில் போட்டோவுக்குக் கீழேயும் அதுதான்.
வீரணன் என்று கூப்பிடுவது
பட்டறை முதலாளியும் ரேசன் கடையும்.

ஆறு பந்து. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.
இடதுகைக்காரன் எவனாவது நிலைத்து நின்றுவிட்டால்
மற்றவர்கள் போடுவதையெல்லாம்
கண்மாய்க்கரை தாண்டி அனுப்பிக்கொண்டிருப்பான்.
அப்போதுதான் நான்.
காலுக்கு வருவதுபோல் கிளம்பி
கடைசி நேரத்தில் மனசு மாறி
வெளியே விலகும் பந்து ஒன்று என்னிடம் உண்டு.
ஒன்றுதான் உண்டு.

முதலில் பஸ் காசும் நாலு பரோட்டாவும்.
பிறகு முந்நூறு.
உசிலம்பட்டி பைனலுக்கு ஆயிரத்தைந்நூறு.
கிடாய் ஜெயித்த அன்று தொடைக்கறி வந்தது,
ஊர்க்காரன் இல்லையென்பதால் ஈரல் வரவில்லை.
சேடப்பட்டியில் கடைசிப் பந்துக்கு நாலு ரன் வேண்டும்,
அடித்துவிட்டான்.
கூட்டிவந்த பைக் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது.
பந்தல் பிரிப்பவர்களோடு டாட்டா ஏசியில் வந்தேன்.
அவர்கள் ஸ்கோர் கேட்கவில்லை.

பதினாலு வருசம், அறுநூற்றுப் பதினோரு ஓவர்.
காலண்டர் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.
ஓவருக்கு நாலு நிமிசமென்றால்
நாற்பது மணி நேரமும் சொச்சமும்.
லேத் பட்டறையில் அது நாலு நாள் வேலை.
மிச்சமெல்லாம் படுத்துக் கிடந்தது,
தோளைச் சுற்றிச் சுற்றிச் சூடாக வைத்திருந்தது,
எச்சில் விழுங்கியது.

ஆண்டிபட்டி அல்போன்ஸை
முப்பத்தொரு ஆட்டத்தில் பார்த்திருக்கிறேன்.
அவனுக்காகவே என்னை எடுப்பார்கள்.
ஒன்பது முறை விழுந்தான்.
மற்ற நாட்களைப் பற்றி நான் பேசுவதில்லை.
ஒரு வார்த்தை பேசியதும் இல்லை,
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில்
ரெண்டு பேருக்கும் ஒரே பஸ் தவறிய ராத்திரி வரை.
கை கொடுத்தோம்.
ரெண்டு பேரும் நீட்டியது வலது கை.

டீ ஆறும்வரை சும்மா நின்றவன் சொன்னான்:
"மணிக்கட்டுல ஒரு தழும்பு இருக்குல்ல உனக்கு.
ஸ்லோ பால் போடுறப்ப கை திரும்பும், அது தெரியும்.
அதப் பாத்துத்தான் அடிப்பேன்."

நொட்டாங்கையில் சோறு அள்ளியதற்கு
நாலு வயதில் அம்மா வைத்த சூடு அது.
எங்கோ அடுப்படியில் காய்ந்த ஒரு கரண்டி
இருபத்தெட்டு வருசமாக
எதிரணிக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
"அந்த ஒன்பது தடவ?" என்றேன்.
"முழுக்கை சட்ட போட்டிருந்த" என்றான்.
டீக்காசை அவன் கொடுக்கப் பார்த்தான், விடவில்லை.

இந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது.
பிட்ச் போட்ட இடத்தில் ரெண்டாள் தண்ணீர்.
பொங்கல் டோர்னமென்ட் கிடையாது என்று
பாலித்தீன் உறையில் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள்.
ஊர் குலவை போட்டது.
நானும் சந்தோசப்பட்டேன், கொஞ்சம் லேட்டாக.
தோள் போன வருசமே சொல்லிவிட்டது,
நான்தான் கேப்டனிடம் சொல்லவில்லை.

நேற்று கரையில் நின்றேன்.
மீன்பாசி ஏலம் எடுத்தவரின் ஆள் ஒருவன்
ஓரத்தில் இடுப்பளவு நீரில் வலையோடு நிற்கிறான்.
கணக்குப் பார்த்தால் அது பாயிண்ட்.
ஆனால் அல்போன்ஸுக்கு அங்கே நிற்கக்கூடாது,
ரெண்டு எட்டு பின்னால் போகவேண்டும்.
கையசைத்துக் காட்டினேன், இடது கையால்.
அவன் யாரோ தெரிந்தவரென்று நினைத்து
பதிலுக்குக் கையாட்டிவிட்டு
அங்கேயே நின்றான்.