மழைச்சட்டையோடு ஒரு கணக்கு

மூன்று புள்ளி எட்டு.
நான்கு எடுத்திருந்தால் தேர்ச்சி.
வால்டிவியாவில் அந்த வாரம் முழுக்க அடைமழை.
கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த பட்டியலில்
நனையாமல் இருந்தது என் பெயர்:
மிலென்கா ஓயார்சோ, நுண்கணிதம், இரண்டாம் முறை.
மூன்றாம் முறையும் போனால்
வனப்பொறியியல் துறை தன் காட்டைவிட்டு என்னை
மரியாதையாக வெளியே அனுப்பிவிடும்.

அன்றிரவே அட்டவணை போட்டேன்.
நான்கு நிறப் பேனா, அடிக்கோல்.
காலை ஐந்தரை: வகையீடு.
ஆறே முக்கால்: தொகையீடு.
ஏழரை: ஓட்டம். (நான் ஓடியதே இல்லை.)
போட்டு முடிக்க மூன்று மணி நேரம்.
அந்தப் பருவத்தில் நான் முழுதாக முடித்த
ஒரே வேலை அதுதான்.
திங்கள் மதியம்
அது சுவரில் இருந்தது, நான் போர்வைக்குள்.

கைபேசியை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினேன்.
மாட்டிக்கொண்ட ஈபோல் உள்ளே இரைந்தது.
ரொட்டி எடுக்கத்தான் போனேன்,
ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினேன்,
ரொட்டி இல்லாமல்.

ஆற்றங்கரை மீன்சந்தைக்குப் பின்னால்
கடற்சிங்கங்கள் கிடக்கும்.
பெயர்தான் சிங்கம்,
மழையில் பார்த்தால் சுத்த எருமை.
மீன்தலை விழும் சத்தத்துக்கு மட்டும்
ஒரு கண்ணைத் திறக்கும்.
பாலத்தில் நின்று அவற்றைப் பார்த்தபடி
நானும் காத்திருந்தேன்,
ஊக்கத்தை யாரோ
மேலிருந்து வீசப்போகிறார்கள் என்று.

அந்தச் சந்தையில்தான்
ஒசியேல் விடியலில் மீன் அறுக்கிறான்.
ஒன்பது மணிக்கு நூலகத்தில் என் எதிரே,
எத்தனை சோப்புக்கும் போகாத கவிச்சியோடு,
ஒரே ஒரு கணக்குப் போடுவான்.
பிறகு நோட்டின்மேல் கன்னம் வைத்துத் தூங்குவான்.
அவனும் இரண்டாம் முறைதான். மூன்று புள்ளி ஆறு.
"படிக்கணும்னு மனசு வந்துச்சா?" என்றேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னான்:
"அது வரல. நான் வந்தேன்."

எரிச்சலாக இருந்தது.
அறைக்கு வரும் வழியெல்லாம் அவனைத் திட்டினேன்.
எனக்கு எப்போதும் முதலில் ஏதாவது இருக்கும்.
முதலில் தலை துவட்டணும், முதலில் அடுப்பு மூட்டணும்,
முதலில் ஒரு குவளை மாத்தே,
முதலில் மேசையைத் துடைக்கணும்.
மேசை பளபளக்கும்போது மணி பதினொன்று.
அன்று அந்தக் கோபத்தில்
ஷூவைக்கூடக் கழற்றவில்லை.
மழைச்சட்டை சொட்டச் சொட்ட
கதவோரம் நின்றே ஒரு கணக்கைப் போட்டேன்.
தொகையீட்டுக் குறியின் கழுத்தில் ஒரு துளி விழுந்து
மைக்கு வால் முளைத்தது.
விடை தப்பு.
ஆனால் சட்டையைக் கழற்றியபோது
ஒரு கணக்கு நடந்து முடிந்திருந்தது.

அதிலிருந்து அதுவே ஏற்பாடு.
முதலில் கணக்கு, அப்புறம்தான் உலர்வது.
வீட்டுக்காரி அறைக்கு இரண்டு விறகு தருவாள்.
ஒரு கட்டை நாற்பது நிமிடம் எரியும்.
சில இரவு, கட்டை தீர்ந்ததே தெரியாமல்
குளிரில் உட்கார்ந்திருந்தேன்.
சில இரவு, கதவோரக் கணக்கோடு சரி.
விறகு என்னைப் பார்த்துப் புகைந்தது.

அட்டவணையைத் திருப்பி ஒட்டி
வெள்ளைப் பக்கத்தில் கட்டங்கள் போட்டேன்.
இருபத்தாறு நாள். பதினேழு கட்டத்தில் கோடு.
ஜூன் நடுவில்
மூன்று நாள் சேர்ந்தாற்போல் காலி.
காய்ச்சல் இல்லை, காதல் இல்லை,
சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.
பழைய மிலென்கா
அந்தத் தாளைக் கிழித்துவிட்டு
ஐந்து நிறத்தில் மறுபடி ஆரம்பித்திருப்பாள்.
நான் நான்காம் நாள் கட்டத்தில்
கோணலாக ஒரு கோடு இழுத்தேன்.

நாளைக்குத் தேர்வு.
ஒசியேல் நூலகத்தில் தூங்குகிறான்,
கன்னத்தில் எக்ஸ் வர்க்கம் பதிந்திருக்கிறது.
வெளியே, யாரும் எதிர்பார்க்காத வெயில்.
அறைக்கு வந்தேன்.
மழைச்சட்டை ஆணியில்
காய்ந்து விறைத்துத் தொங்கியது.

எடுத்துப் போட்டுக்கொண்டேன்.
கதவோரம் நின்றேன்.
பேனாவைத் திறந்தேன்.